மருமகள் பெயரில் ஒரு சீட்டு

வெங்காய மண்டி பெரியண்ணனுக்கு இரண்டு சங்கதிகள் ஒரே வாரத்தில் தெரியவந்தன. மருமகள் ராசாத்தி முழுகாமல் இருக்கிறாள் என்பது ஒன்று. மனைவி காளியாயியும் முழுகாமல் இருக்கிறாள் என்பது மற்றொன்று. முதல் சங்கதிக்குத் திருவானைக்காவலில் தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். இரண்டாவது சங்கதிக்கு வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து, "ஏ புள்ள, இதை யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்றார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. காளியாயிக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரே பிள்ளை மருதைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"நாளைக்கு மருமவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது? காந்தி மார்க்கெட்டுல நாலு பேரு சிரிக்க மாட்டான்? இந்த வயசுல உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கேட்டார் பெரியண்ணன். பிள்ளை என்னவோ காவேரியில் மிதந்துவந்து அவள் வயிற்றில் தானாக ஒதுங்கியது மாதிரிதான் பேச்சு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கைக்கு மட்டும் வெட்கம் வரவில்லை.

நாலாம் நாள் மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை பப்பாளிக்காய் வந்து இறங்கியது. வெங்காய வியாபாரி வீட்டுக்குப் பப்பாளிக்காய் எதற்கு என்று கேட்கிற அளவுக்குக் காளியாயி பச்சைப்பிள்ளை இல்லை. ஆனால் மருதை கேட்டான். "வீட்டுல மாசமா இருக்கறவள வெச்சுக்கிட்டு பப்பாளி வாங்கி அனுப்பறீங்களே, உங்களுக்கு ஏதாவது இருக்காப்பா?" என்று அப்பாவிடம் ஆடு ஆடென்று ஆடினான். கூடை பக்கத்து வீட்டு எருமைக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் வேறு திட்டம் போட்டார். பின்கட்டு அறையில், மருத்துவச்சியை வரவழைத்து, சத்தமில்லாமல் பிரசவத்தை முடித்துக்கொள்ள வேண்டியது. பிறந்த பிள்ளையை என்ன சொல்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்.

"எடமலைப்பட்டி புதூர்ல இருக்காளே உன் தங்கச்சி, அவ வளக்கக் குடுத்த புள்ளைன்னு சொல்லிட்டாப் போச்சு."

"அவ புருஷன் செத்து மூணு வருஷம் ஆச்சுங்க."

பெரியண்ணன் சற்று யோசித்தார். "சரி, அதைப் பொறவு பாத்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

காளியாயிக்கு ஊர்ப் பேச்சைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. அவளுக்குச் செத்துப்போய்விடுவோமோ என்று பயம். மருதைக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால். அதே பின்கட்டு அறை. இடுப்பு வலியோடு கை கால் வெட்டி இழுத்து ஜன்னி கண்டுவிட்டது. பல்லில் நாக்கு மாட்டி அறுந்தது. அந்தத் தழும்பு இன்றும் நாக்கின் ஓரத்தில் இருக்கிறது. முனி அடித்துவிட்டது என்று சொல்லி ஒரு பூசாரியை அழைத்துவந்தார்கள். அவன் பங்குக்கு வேப்பிலையால் அவனும் அடித்தான். மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு திரும்பியபோது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் தலைமுழுகிவிட்டிருந்தார்கள். இப்போது அந்த அறையைக் கடந்து கொல்லைக்குப் போகும்போதெல்லாம் அவள் அந்தக் கதவைப் பார்க்காமலே நடந்தாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பெற்றுக்கொண்டால் பிழைத்துக்கிடக்கலாம் என்று ஒரு ஆசை. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் பிள்ளையாண்டிருப்பதையும் அல்லவா வாய்விட்டுச் சொல்ல வேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் ஒரு நோட்டீஸ் வந்தது. ஸ்ரீரங்கத்தில் 'அரங்க மாதர் நல மன்றம்' என்று ஒன்று. அங்கே கர்ப்பிணிப் பெண்களுக்கு இலவச வகுப்பு, புதன்கிழமைதோறும் பகல் மூன்று மணிக்கு, வருகிறவர்களுக்குப் பால் பவுடர் வழங்கப்படும். பால் பவுடர் விஷயம் பொடி எழுத்தில் கடைசி வரியில்தான் இருந்தது. ஆனாலும் எழுத்துத் தெரியாத பெண்கள் உட்பட எல்லோரும் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

"மாசமா இருக்கற புள்ளைய வெயில்ல அனுப்பறதாவது! வழியில எத்தனை புளியமரம், எத்தனை முனி!" என்றார் பெரியண்ணன்.

"ராசாத்தி போக வேணாங்க. நான் போய்க் கேட்டுட்டு வந்து அவளுக்குச் சொல்றேன்" என்றாள் காளியாயி.

பெரியண்ணன் அதில் குற்றம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மருமகளுக்கு ஆகாத அந்த வெயிலும் முனியும் காளியாயிக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எதிர்வீட்டு ராக்கம்மாள்தான் அந்தத் தெருவுக்கு ரேடியோ. "எம் மாமியா எனக்கு ஒருநாள் வெந்நி வெச்சுக் குடுத்திருப்பாளா? இவ என்னடான்னா மருமவளுக்காகப் பள்ளிக்கூடம் போறா! இருந்தா இப்படில்ல இருக்கணும்!" என்று அவள் எட்டு வீட்டுக்கு ஒலிபரப்பினாள். எட்டு வீட்டு மாமியார்களும் அன்றிலிருந்து காளியாயியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வகுப்பு நடந்தது சித்திரை வீதியில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில். கர்ப்பிணிகளுக்கான வகுப்பை மாடியில் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. பத்தொன்பது படி, செங்குத்தாக. ஏறிவந்து மூச்சு வாங்கி உட்காருவதற்கே அரைமணி ஆயிற்று.

மன்றத்தின் தலைவி ரங்கநாயகி அம்மாள், அந்த வக்கீலின் மனைவி. மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தாள்.

"ஸ்த்ரீகளுக்குப் பிரசவம்ங்கறது புனர்ஜன்மம். அந்த க்ஷணத்துல அஞ்ஞானத்தாலே எத்தனையோ ஜீவன்கள் நஷ்டமாறது. ஆகையினாலே எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பிரசவிக்கணும். ஆத்துல பிரசவிக்கறதெல்லாம் அநாகரிகம். புரிஞ்சுதோ?"

புரிந்தமாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோர் கண்ணும் மூலையில் இருந்த பால் பவுடர் டின்மேல் இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற மயிலம்மாள் மட்டும், ஆறாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, நீங்க எந்த ஆஸ்பத்திரியில பெத்தீங்க? அங்கயே நாங்களும் போறோம்."

ரங்கநாயகி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்காத்துல ஆசாரம் ஜாஸ்தி. நாலும் பிறந்தாத்துலதான் ஆச்சு. அது வேற. நீங்கள்ளாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள். மயிலம்மாள் "ஓகோ" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையில் வகுப்பு எடுத்தவள் நர்ஸ் நஜீமா. முப்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, வெடுக்கென்று பேச்சு. "வீட்டுல பெக்கறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தாள். தலைவியின் முகம் சுருங்கியது. நஜீமா அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டுத்தான் பேசினாள். "உடம்பு திடமா இருந்து, முன்னாடி சுகமாப் பெத்தவங்க, படிச்ச நர்ஸை வீட்டுக்கே கூப்புட்டுப் பெத்துக்கலாம். தலைச்சன் புள்ளைக்காரங்க, முப்பத்தஞ்சு வயசைத் தாண்டினவங்க, முன்னாடி ஜன்னி கண்டவங்க, ரத்தக் கொதிப்பு இருக்கறவங்க, இவங்கள்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஜன்னிங்கறது பேயும் இல்ல, முனியும் இல்ல. ரத்தக் கொதிப்பு ஏறி வர்றது. வரும்முன்னே கண்டுபிடிக்கலாம்."

காளியாயி விரல்விட்டு எண்ணினாள். நர்ஸ் சொன்ன நாலில் இரண்டு அவளுக்கு அப்போதே இருந்தது. ஆனால் அவள் மனம் அதில் நிற்கவில்லை. பேயும் இல்லையாம், முனியும் இல்லையாம். அப்படியானால் அந்தப் பூசாரி எதை அடித்தான்? அந்தக் குழந்தை எதனால் செத்தது? இருபது வருஷமாக ஒரு புளியமரத்துக்குப் பயந்து சுற்றிப் போய்க்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கடைசியில் நஜீமா எல்லோரையும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி ஒருசேரச் சொல்லவைத்தாள். "காலும் முகமும் வீங்கினா, தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்கினா, வெக்கப்பட்டு மறைக்காம ஆஸ்பத்திரிக்குப் போவேன்." இருபது கர்ப்பிணிகள் கத்திய கத்தலில் கீழே வக்கீலின் கட்சிக்காரர்கள் பயந்துபோய் மேலே பார்த்தார்கள்.

பால் பவுடர் வாங்கும்போது நஜீமா ரிஜிஸ்தரை விரித்தாள். "பேரு?"

"ராசாத்தி."

"வயசு?"

"பத்தொம்பது."

நஜீமா நிமிர்ந்து பார்த்தாள்.

"மருமவளுக்குப் பதிலா வந்திருக்கேங்க" என்றாள் காளியாயி.

"அப்படியா. வயித்தையும் பதிலா வாங்கிட்டு வந்தீங்களோ?"

காளியாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பூரித்த உடம்பு, சுங்குடிச் சேலையை மூன்று சுற்றாகச் சுற்றியிருந்தாள். தெருவில் எல்லோரும் அதை நெய்ச்சோறு என்று நம்பிவிட்டார்கள். இவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். நஜீமா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை; பால் பவுடரை அளந்து கொடுத்து, "அடுத்த வாரமும் வாங்க" என்றாள்.

காளியாயி ஒரு புதன் தவறாமல் போனாள். ஆறாம் மாதத்தில் ஒருநாள் நஜீமா அவளைத் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முன்னாடி ஜன்னி வந்திருக்கா?"

காளியாயி வாயைத் திறந்து நாக்கின் தழும்பைக் காட்டினாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கு. உப்பை விடணும். படுத்தே கிடக்கணும். வீட்டுல பெத்தீங்கன்னா இந்தத் தடவை பிழைக்க மாட்டீங்க. சீட்டு எழுதித் தரேன், ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆனா ரிஜிஸ்தர்ல ராசாத்தின்னுல்ல இருக்கு? உங்க பேரை மாத்திக்கறேன்."

"மாத்துனா நான் இனிமே வரமாட்டேங்க" என்றாள் காளியாயி. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "எங்க வீட்டுக்காரருக்குத் தலைகுனிவாப் போயிரும்."

"அவருக்குத் தலைகுனிவு. உங்களுக்குத் தலையே போயிரும், பரவாயில்லையா?" என்று நஜீமா சீறினாள். ஆனால் வருகிறவளை விரட்டிவிட்டால் அப்புறம் பார்க்கவும் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ராசாத்தி பெயரிலேயே எழுதினாள்: ரத்தக் கொதிப்பு, கால் வீக்கம், கவனமாகப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பிரசவம் மிக அவசியம். "பிரசவத்துக்கு முன்னாடி இந்தப் பேரை மாத்தியாகணும். அதை நீங்களேதான் செய்யணும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

காளியாயி அந்தச் சீட்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தாள். மூன்றாம் நாள் மருதை தேதி கிழிக்கும்போது அது அவன் காலடியில் விழுந்தது.

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. "என் பொண்டாட்டிக்கு ரத்தக் கொதிப்பு! யாருமே சொல்லலையே!" என்று மருதை குதித்தான். பெரியண்ணன் மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரி என்றாலே மூக்கைச் சுளிக்கிற மனிதர், அந்த ஒரு நாளில் அடியோடு மாறிப்போனார்.

"வம்சம் வெளங்க வர்ற புள்ளடா! பெரிய ஆஸ்பத்திரி, தனி ரூமு! இப்பவே ஒரு பிளசர் காருக்குச் சொல்லி வெச்சுடறேன். தாய் வீட்டுக்கெல்லாம் அனுப்பறதா இல்ல, அந்தக் கிராமத்துல என்ன இருக்கு? வீட்டுல பெக்கறதெல்லாம் அந்தக் காலம்!" என்றார். பின்கட்டு அறை அவருக்கு நேர் பின்னால்தான் இருந்தது.

ராசாத்திக்கு வியாதி என்றால் அவளுக்கே நம்பமுடியவில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது, பசியோ பசி. அவளைக் கட்டிலில் கிடத்தி, எழுந்திருக்காதே என்று மருதை காவல் நின்றான். அவளுக்கு உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை. அதையெல்லாம் அடுப்படியில் நின்று சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் காளியாயி, வீங்கிய காலோடு.

ஒருநாள் காலையில் பெரியண்ணன் சாப்பிடும்போது அவள் சொல்லிப்பார்த்தாள். "ஏங்க, எனக்கும் கால் வீங்குதுங்க. தலைவலியும் விடமாட்டேங்குது."

"வயசாவுதுல்ல? நல்லெண்ணெய் தேய்ச்சுக்க" என்றார் பெரியண்ணன். "இந்தா, மருமவ கஞ்சியில மறந்துபோய் உப்பைப் போட்டுறாத."

அன்றைக்குக் காளியாயிக்குக் கஞ்சியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கவிழ்க்கவில்லை. கொண்டுபோய் ராசாத்தியிடம் வைத்தாள். ராசாத்தி கஞ்சியைப் பார்க்காமல் அத்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

"அத்தை, அந்தச் சீட்டு யாருது?"

காளியாயி அவள் வாயைப் பொத்தினாள். ராசாத்தி அந்தக் கையை எடுத்துவிட்டு அத்தையின் மூன்று சுற்றுச் சேலையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சீட்டில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லிருங்க அத்தை" என்றாள். "சொன்னா உங்க மாமா தூக்குல தொங்கிருவாரு" என்றாள் காளியாயி. "தொங்கட்டும்" என்றாள் ராசாத்தி.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் தட்டுகள் இடம் மாறின. உப்பில்லாத கஞ்சியைக் காளியாயி குடித்தாள். அவளுக்கு வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை ராசாத்தி ஒரு கை பார்த்தாள். "அத்தை எனக்குக் கால் பிடிச்சு விடப்போறாங்க" என்று சொல்லி ராசாத்தி கதவைச் சாத்துவாள். உள்ளே கட்டிலில் படுத்திருப்பது அத்தை, கால் பிடிப்பது மருமகள். ராக்கம்மாள் தெருமுனையில் நின்று, "மருமவ காலைப் பிடிக்கிறாளாம்டி! கலி முத்திருச்சு!" என்று மார்பில் கைவைத்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ராசாத்தியின் பிறந்த வீட்டார் முசிறிப் பக்கத்திலிருந்து ஏழு வகைச் சோற்றோடு வந்து இறங்கினார்கள். பெண்ணை அனுப்பமாட்டேன் என்று பெரியண்ணன் சொல்லிவிட்டதில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். தெரு முழுக்க வந்திருந்தது. ரங்கநாயகி அம்மாளும் வக்கீலின் காரில் வந்தாள், கையில் பால் பவுடர் டின்னோடு. வகுப்பினால் விளைந்த நன்மையை நேரில் காட்ட நஜீமாவையும் கூட்டிவந்திருந்தாள்.

"இந்தக் காளியாயி ஸ்த்ரீ ரத்னம். நாட்டுப்பொண்ணுக்காக ஒரு க்ளாஸ் விடலை. இவா சம்பந்தியெல்லாம் கேக்கட்டும். காளியாயி, நீ கத்துண்டதை இவாளுக்கெல்லாம் ஒருதரம் சொல்லு" என்றாள் ரங்கநாயகி அம்மாள்.

பெரியண்ணன் வாசலில் ஆண்களோடு நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மணையில் ராசாத்தி, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். காளியாயி வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். காலையிலிருந்து தலை பிளந்துகொண்டிருந்தது.

"காலும் முகமும் வீங்கினா" என்று ஆரம்பித்தாள். "தலைவலி விடாம இருந்தா." தட்டில் பச்சை வளையல் எது, சிவப்பு வளையல் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கலங்கலாக இருந்தது. "கண்ணு மங்கினா" என்றாள். மேலே பேச்சு வரவில்லை.

"வெக்கப்பட்டு மறைக்காம" என்று ரங்கநாயகி அம்மாள் எடுத்துக்கொடுத்தாள்.

காளியாயிக்குத் தன் குரல் பின்கட்டு அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க முயன்றாள். ஒரு முகமும் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதாகப் போயிற்று. தட்டைக் கீழே வைத்தாள். ராசாத்தியைக் கொஞ்சம் தள்ளச்சொல்லி மணையில் பாதி இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"எனக்கும் போடுங்க. எனக்கும் ஏழு மாசம். அந்தச் சீட்டு என்னுது."

ராக்கம்மாளுக்கே பேச்சு நின்றுபோனது. அந்தத் தெருவில் அப்படி ஒரு அதிசயம் அதற்கு முன்னால் நடந்ததில்லை. முதலில் கை நீட்டியவள் ராசாத்திதான். தன் கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி அத்தையின் வீங்கிய மணிக்கட்டில் ஏற்றப் பார்த்தாள். ஏறவில்லை.

நஜீமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து காளியாயியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "வளையல் இருக்கட்டும். எங்க அந்தப் பிளசர் காரு?" என்றாள்.

பெரியண்ணன் வாசல் தூணோடு தூணாக நின்றார். அவரைச் சுற்றி இருந்த ஆண்கள் இருமினார்கள். மருதை அம்மாவையும் பார்த்தான், அப்பாவையும் பார்த்தான்; சட்டையைக்கூடப் போடாமல் காருக்கு ஓடினான். பெரியண்ணன் நஜீமாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"ஏம்மா, ஆஸ்பத்திரியில புருஷன் பேரையும் எழுதுவாங்களா?"

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி. ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள் காளியாயி. ஊசி, மருந்து, உப்பில்லாத சோறு. பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்தது, பெண். ஜன்னி வரவில்லை. தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். அடுத்த மாதம் ராசாத்தி அதே ஆஸ்பத்திரியில் அலுங்காமல் ஒரு பையனைப் பெற்றாள். ஒரு மாதம் மூத்த அத்தைக்கும் அவள் மருமகனுக்கும் ஒரே தூளி போதும் என்றானது. ஆனால் தெரு இன்றுவரை பேசுவது இதையெல்லாம் இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததைத்தான்.

வராந்தா முழுக்கக் கூட்டம். மேஜையில் ஒரு குமாஸ்தா, பெரிய ரிஜிஸ்தர். காளியாயியை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருதை தலையணை வாங்கப் போயிருந்தான். ஒரு பக்கம் ராசாத்தி, ஒரு பக்கம் நஜீமா. குமாஸ்தா ராசாத்தியின் வயிற்றைப் பார்த்து எழுதத் தொடங்கினான்.

"இவ இல்லீங்க, நான்" என்றாள் காளியாயி.

"பேரு?"

"காளியாயி."

நஜீமா லேசாகச் சிரித்தாள்.

"வயசு?"

"நாப்பத்திரெண்டு."

"எத்தனாவது பிரசவம்?"

"மூணாவது."

"புருஷன் பேரு?"

காளியாயி நின்றுவிட்டாள். தாலி கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ஓட்டுப் போடப் போன இடத்தில்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். ராசாத்திக்கும் அது மாமனார் பெயர், சொல்லக்கூடாது. நஜீமாவுக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியவர் ஆறடி தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தார். அம்மை குத்திக்கொள்ளச் சொல்லும் விளம்பரம் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி அதையே படித்துக்கொண்டிருந்தார். காரணம், வராந்தாவின் கோடியில் மார்க்கெட் எலுமிச்சம்பழக் கடை அப்துல் சுக்கூர் உட்கார்ந்திருந்தார், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு. சுக்கூருக்குத் தெரிந்தால் மார்க்கெட்டுக்கே தெரிந்த மாதிரி.

"ஏம்மா, புருஷன் பேரு? வரிசையில ஆளு நிக்குது" என்றான் குமாஸ்தா.

காளியாயி தூணைப் பார்த்தாள். தூணுக்கு வெளியே ஒரு துண்டின் நுனி மட்டும் தெரிந்தது. வருவார் என்று பார்த்தாள். துண்டின் நுனி இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. இத்தனை வருஷம் யாருடைய ஆயுசுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியண்ணன்" என்றாள். தலைவலியோடு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, வராந்தா முழுக்கக் கேட்டது. "காந்தி மார்க்கெட்டு, வெங்காய மண்டி பெரியண்ணன். அந்தா, தூணுக்குப் பின்னால நிக்கிறாரே, அவருதான்."

கோடியில் அப்துல் சுக்கூர் துள்ளி எழுந்தார். "யாரு, நம்ம பெரியண்ணன் முதலாளியா? மாஷா அல்லா! சொல்லவே இல்லையே!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தூணை நோக்கி நடந்தார். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

காளியாயி குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டீங்களா? இல்ல, இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?" என்றாள்.